வளையல் நிக்குற எடம்

பைக்குல இன்ஜினுக்கு முன்னால மாட்டுற காப்புக் கம்பி மூணு, மூணு தினுசா என் காலடியில கெடக்கு, நான் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இருக்கேன், முத்துச்செல்வன் ஸ்பேனரக் கையில வச்சிக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டு இருக்கான், சுவத்துக் கடிகாரம் மணி மூணுங்குது. "எதப் போட அண்ணாச்சி, சொன்னீங்கன்னா பத்து நிமிசத்துல மாட்டி விட்டுருவேன்"னு இதோட நாலு தடவ கேட்டுட்டான். கோவில்பட்டியில வண்டிச் சாமான் கடை எத்தனையோ இருக்கு, இவன்கிட்ட வந்ததே இவன் ஆளை அவசரப்படுத்த மாட்டான்னுதான், இவனையே நாலு தடவ கேக்க வச்சிட்டேன். என்ன தம்பி செய்ய, பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட நான் இம்புட்டு நேரம் எடுக்கல. காப்பித் தட்டு வந்துச்சு, செண்பகம் நிமுந்து ஒரு பார்வ பாத்தா, நான் சரின்னுட்டேன். அவ சரிங்கதுக்கு ஒரு வாரம் ஆச்சு, அது வேற கதை. இன்னைக்கும் அவதான் சரின்னு சொல்லணும். காலையில அங்கன்வாடிக்குக் கெளம்பும்போது வாசல்ல நின்னு, "ஆயுத பூசைக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு, புதுக் கம்பியப் போட்டுருங்க, நான் நாலு மணிக்கு நேரா கடைக்கே வந்துருதேன், பிறகு பாப்போம்"னா. பிறகு பாப்போம்னா என்ன அர்த்தம். கம்பியப் பாப்போம்னு சொன்னாளா, ஏறி உக்காந்து பாப்போம்னு சொன்னாளா. பதினோரு மாசமா அவ என் வண்டியில ஏறல. ஏறுன்னு நானும் சொல்லல, ஏறமாட்டேன்னு அவளும் சொல்லல, ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போயிட்டு வாரா. பிறகு பாப்போம். காலையில இருந்து அந்த ரெண்டு வார்த்தையும் பல்லுல சிக்குன நாரு மாதிரி நாக்கத் தொட்டுக்கிட்டே இருக்கு.

பழைய கம்பி என் மடியில கெடக்கு. முத்துச்செல்வன் அதக் கழட்டினதும் மூலையில இருக்க இரும்புக் குமியல்ல எறியப் போனான், "ஏய் ஏய், இங்கன குடு"ன்னு வாங்கி மடியில வச்சிக்கிட்டேன். பேண்டெல்லாம் கறை, ஆகட்டும், கடலைமிட்டாய் லைனுக்குப் போற பேண்டுதான, வெல்லப்பாகு படாத நாள் உண்டா. முப்பது பெட்டிக்கடை, ஆறு ஊரு, பின்னால ரெண்டு பக்கமும் டப்பா, இதுதான் அய்யாத்துரையோட பொழப்பு, அதுக்கு இந்த வண்டி இல்லன்னா நான் இல்ல. "ஒரு தடவ மடங்குன கம்பி மறு தடவ தாங்காது அண்ணாச்சி"ன்னு முத்துச்செல்வன் போன மாசமே சொன்னான். இடது பக்கம் நல்லா உள்ள வாங்கியிருக்கு, கையவச்சிப் பாத்தா என் உள்ளங்கை சரியா அந்தப் பள்ளத்துல உக்காருது. இந்தப் பள்ளம் செண்பகம் கையில விழுந்திருக்க வேண்டியது. இந்தக் கம்பிய வெல்டு வச்சிப் பத்தவச்சவன் யாரு, எந்த ஊருப் பட்டறையில உக்காந்து கண்ணாடி மாட்டிக்கிட்டு இந்த மூட்டப் பத்தவச்சான், யாரு பெத்த பிள்ளையோ, அன்னைக்கு அவன் வீட்டுல என்ன கொழம்போ, வேலைய ஏனோதானோன்னு செய்யாம இருந்தானே, அவனுக்கு ஆயுசு கெட்டியா இருக்கட்டும். சாமிகிட்ட வேண்டும்போதுகூட நான் இப்படி முகந்தெரியாத ஒருத்தனுக்காக வேண்டுனதில்ல. இப்ப தெனமும் வேண்டுதேன்.

ஆனா அவனுக்கு முன்னால நான் கும்பிட வேண்டியது ரெண்டு வாழைக்கன்ன. சிரிப்பா இருக்கும், ஆனா அதான் நெசம். போன வருசம் பூசைக்கு மொத நாள் நான் இந்தக் கம்பியக் கழட்டி வெள்ளிப் பெயிண்டு அடிச்சி மாடிப்படியில சாத்தி வச்சிட்டேன். மறுநா காலையிலயும் பெயிண்டு சரியாக் காயல, தொட்டா ஒட்டுது. கம்பி இல்லாமயே வண்டிக்குப் பூசை போட்டுருவோம், நாளைக்கு மாட்டிக்கிடலாம்னேன். செண்பகம் கையில ரெண்டு வாழைக்கன்ன வச்சிக்கிட்டு நிக்கா. வருசா வருசம் இடது கம்பியில ஒண்ணு, வலது கம்பியில ஒண்ணு கட்டுவா. "கம்பி இல்லன்னா இத எங்க கட்ட, உங்க கழுத்துலயா"ன்னா. எனக்குன்னா கோவம். ராகுகாலத்துக்கு முன்ன முடிக்கணும், வெறும் வயிறு, இதுல இவ வேற. ஹேண்டில்ல கட்டேன்னேன். "ஹேண்டில்ல கட்டுனா வண்டி எப்படித் திரும்பும், மாட்டுங்க"ன்னுட்டா. அவ மாட்டுங்கன்னுட்டா பெறகு அப்பீல் கெடையாது. முணுமுணுத்துக்கிட்டே போல்ட்டு முடுக்கினேன், கையெல்லாம் வெள்ளி. என்ன பொம்பள இவ, ஒரு நாள் விட்டுக்குடுத்தா என்னன்னு அந்த ஸ்பேனரப் பிடிச்சிக்கிட்டு வாய்க்குள்ளயே திட்டினேன். திட்டிக்கிட்டே அவ கையக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியாம. ஒரு வார்த்த அவ இறங்கி வந்திருந்தா, சரி ஹேண்டில்லயே கட்டுதேன்னு சொல்லியிருந்தா. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், அங்க போனா அந்தச் சத்தம் வரும். அவ பிடிவாதக்காரியா இருக்கதுக்கு நன்றின்னு மட்டும் நெனச்சிக்கிடுவோம். இருபத்திமூணு வருசமா நான் கொறை சொன்ன கொணம் அதுதான்.

சத்தம் வந்துருச்சு பாத்தீங்களா, வேண்டாம்னா வரும். ஓடிப்போயி விழுந்த வண்டின்னாக்கூட ஒரு ஞாயம் உண்டு, இது நின்ன எடத்துல விழுந்த வண்டி. சந்தனம் குங்குமம் வச்சி, பொரிகடலை படைச்சி, சூடம் காட்டியாச்சு. பூசணிக்காயச் சுத்தி உடைக்கணும். "தெருமுக்குல கொண்டுபோயி ஓரமா உடைச்சிட்டு வாங்க"ன்னா. தெருவுல நாலு வீட்டுக்காரங்க நின்னு பாக்காங்க, எனக்கு ஒரு வீறாப்பு, ஒரே போடுல உடைச்சிக் காட்டணும்னு வண்டிக்கு முன்னாலயே ஓங்கிப் போட்டேன். நாலு தெசைக்கும் செதறுச்சு. ஆகான்னு இருந்துச்சு. செருப்ப மாட்டிக்கிட்டு வண்டியில ஏறி ஸ்டாண்ட எடுத்தேன். அவ ரெண்டு சக்கரத்துக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சிருந்தா, முன்னால இருந்தது ஒரு விரக்கடை தள்ளிப் போச்சுன்னு "இருங்க இருங்க"ன்னு இடது பக்கமா வந்து குத்தவச்சி வலது கைய நீட்டினா. நான் இடது கால ஊனினேன். ஊனுன எடத்துல பூசணிச் சதை. கால் வழுக்கி முன்னால போச்சு, நான் ஒரு பக்கம் போனேன், வண்டி அவமேல சாஞ்சுது. கம்பி தரையில மோதுன சத்தம்தான் அது, டங்குன்னு. அந்தச் சத்தத்துக்குப் பெறகு ஒரு நிமிசம் ஒண்ணுமே கேக்கல. மூணு பேரு சேந்து தூக்கினாங்க. கம்பிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல, தரையோட தரையா, ஒரு சின்ன எடம். அதுக்குள்ள அவ கை கெடந்துச்சு. கையில ஆறு கண்ணாடி வளையல், அதுல ரெண்டுதான் உடைஞ்சிருந்துச்சு. எலும்பு டாக்டரு படத்தத் தூக்கிப் பாத்துட்டு, தரையில மோதுனதுல மணிக்கட்டுல மயிரிழைக் கீறல்தான், அந்தக் கம்பி இல்லன்னா நாம பேசுறதே வேற பேச்சுன்னாரு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு பாத்தவங்கல்லாம் சொல்லிட்டுப் போனாங்க.

"அண்ணாச்சி, தூக்கமா"ங்கான் முத்துச்செல்வன். தூக்கமெல்லாம் இல்ல தம்பி, மொதல்ல அந்த உருளைக் கட்டைய மாட்டு, வண்டியக் கீழ படுக்கப்போட்டுப் பாக்கணும்னேன். "படுக்கப் போடணுமா"ன்னு என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். ஆமா, சாக்க விரிச்சி மெதுவா இடது பக்கமாப் படுக்கப்போடு, நானும் ஒரு கை பிடிக்கேன். எல்லாரும் கம்பிய நிக்க வச்சிப் பாத்து வாங்குறாங்க, அழகா இருக்கான்னு. கம்பிக்கு வேலை வண்டி நிக்கும்போதா, படுக்கும்போதுதான. பையில இருந்து துணியில சுத்துன வளையல எடுத்தேன். உடையாத நாலுல ஒண்ணு, மாவுக்கட்டுப் போடுறதுக்கு முன்ன நர்சம்மா கழட்டி என் கையில தந்தது, ஓரத்துல இன்னும் அந்த வெள்ளிப் பெயிண்டு ஒரு கீத்து ஒட்டியிருக்கு. வீட்டுல தந்தது மூணு, ஒண்ண நான் வச்சிக்கிட்டேன், ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. வளையல் நிக்குற எடத்துல கை நிக்கும், இதான் என் கணக்கு. மொதல்ல கருப்புக் கட்டை, இன்ஜின் பக்கம் உருளையா ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், பார்வைக்கு அடக்கம், இப்ப இதத்தான் எல்லாரும் கேக்காங்கன்னான். வண்டிக்கு அடிபடாது, நெசந்தான். ஆனா வளையல் உள்ள போகல, பாதியிலயே முட்டி நின்னுச்சு. வண்டியக் காப்பாத்தும், கைய விட்டுரும். கழட்டு. ரெண்டாவது பெரிய கம்பி, எட்டுக் காலப் பரத்திக்கிட்டு வண்டியவே கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு. உறுதின்னா உறுதி. ஆனா வளையலை எங்க வச்சாலும் அதுக்கு மேலயே ஒரு கம்பி குறுக்க வந்து தரையத் தொடுது, கைய நசுக்குறதுக்கு வண்டி எதுக்கு, இந்தக் கம்பியே போதும். கழட்டு. முத்துச்செல்வன் வேர்வையத் துடைச்சிக்கிட்டான். "யாருக்காக அண்ணாச்சி இந்தப் பரீட்ச"ன்னான்.

யாருக்காகன்னு சொன்னா முழுசும் சொல்லணும். ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்திருக்கோம், அவ மைனி மொதல்ல ஓடியாந்து "எப்படியாச்சு"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறந்தேன். செண்பகம் முந்திக்கிட்டா. "எலுமிச்சம்பழத்த நான் சரியா வைக்கல மைனி, உருண்டுருச்சு, சக்கரம் அதுல ஏறி வண்டி சாஞ்சிருச்சு"ன்னா. தொறந்த வாய மூடிட்டேன். அவ அப்படித்தான் நெனைக்கா போலன்னு இருந்துட்டேன். பெறகு வந்தவங்க எல்லார்கிட்டயும் அதே எலுமிச்சம்பழம். பாத்து வைக்கக்கூடாதா தாயின்னு நாலு பேரு அவளையே சொல்லிட்டுப் போனாங்க, நானும் கூட உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தேன், கோழி களவாண்டவன் கூட நின்னு தேடுன மாதிரி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுன்னு சொல்லுவாங்க, நான் தெருவே பாத்த பூசணிக்காய மறைச்சவன். ஆறு வாரம் அவளுக்குச் சோறு ஊட்டி விட்டேன், பாத்திரம் வெளக்கினேன், சடை பின்னி விட்டேன். நான் பின்னுன சடைய நெலக்கண்ணாடியில பாத்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள சொல்லிருவோம்னு எத்தன தடவ நெனச்சிருப்பேன். சீப்பு கையில இருக்கும், வார்த்த தொண்டையில இருக்கும், அவ "இறுக்காதீங்க"ம்பா, அம்புட்டுத்தான், உள்ள போயிரும். கட்டுப் பிரிச்சி வேலைக்குப் போக ஆரம்பிச்ச பெறகு வண்டி வாசல்ல நிக்கும், நானும் நிப்பேன், டிபன் டப்பாவ வாங்கிக்கிட்டு அவளும் ஒரு நிமிசம் நிப்பா. பெறகு பஸ்ஸுக்குப் போயிருவா. அந்த ஒரு நிமிசம் தெனமும் உண்டு. பயந்துபோயி நிக்கான்னு நான் நெனச்சேன். வண்டிய நெனச்சிப் பயமா, என்னைய நெனச்சியான்னுதான் தெரியல. வண்டின்னா கம்பி மாத்திரலாம். என்னையன்னா என்னத்த மாட்ட.

மூணாவது கம்பி சாதா வளைவுதான், பழசு மாதிரியே, ஆனா குழாய் கனம் கூட, மூணு எடத்துல முடுக்கணும். படுக்கப்போட்டோம். குனிஞ்சி, கன்னம் சாக்குல படுற மாதிரி தலையச் சாச்சிக்கிட்டு, வளையல உள்ள தள்ளினேன். போச்சு. கைய எடுத்தேன். நின்னுச்சு. வண்டி மொத்தமும் கம்பி மேல கெடக்கு, அதுக்கு அடியில கண்ணாடி வளையல் தன்பாட்டுல நிக்குது, மேல இன்னும் ரெண்டு விரக்கடை எடம் இருக்கு. எனக்குக் கண்ணு நெறஞ்சி போச்சு, வெக்கம் என்ன வெக்கம், நெறஞ்சிதான் போச்சு. இதுக்குள்ளதான அவ கை கெடந்துச்சு. இம்புட்டு எடத்த அந்தப் பட்டறைக்காரன் எங்களுக்கு விட்டு வச்சிருந்தானே. எந்திரிக்கவே மனசு வரல, அப்படியே படுத்துக் கெடந்தேன். அப்ப தலமாட்டுல ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்னுச்சு, பச்ச வாரு, அங்கன்வாடிச் சுண்ணாம்பு ஒட்டுன செருப்பு. "என்ன, மறுபடியும் சாச்சிட்டீங்களா"ங்குது செண்பகம் கொரலு.

எந்திரிச்சி உக்காந்தேன். மணி நாலேகால். துணிப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, கழுத்து வேர்வைய முந்தானையில ஒத்திக்கிட்டு நிக்கா. "அளந்து பாத்தேன்"னேன். குனிஞ்சி பாத்தா. "என் வளையல்லா இது. நாலுல ஒண்ணக் காணும்னு பீரோவையே கவுத்துத் தேடியிருக்கேன்"னா. பெறகு கம்பியத் தடவிப் பாத்துட்டு முத்துச்செல்வன்கிட்ட, "இதுல வாழைக்கன்னு கட்ட எடம் இருக்காய்யா, வழுக்கிக் கீழ எறங்கிராதே"ன்னு கேட்டா. "அதெல்லாம் நல்லா நிக்கும் அக்கா"ன்னான் அவன். கெடந்த மத்த ரெண்டையும் நான் பாத்தேன். கட்டையில என்னத்தக் கட்ட முடியும். அவ முதக் கேள்வியிலயே முடிக்கிற காரியத்துக்கு நான் ஒண்ணேகால் மணி நேரம் தரையில உருண்டிருக்கேன். வண்டியத் தூக்கி நிப்பாட்டினோம். வளையலத் துடைச்சி அவகிட்ட நீட்டினேன், அவ கைய நீட்டினா, அந்த வலது கை, மணிக்கட்டுல எலும்பு லேசாப் பொடச்சி நிக்கும், அதப் பாத்ததும் என் வாய் தானாத் தொறந்துச்சு. "செண்பகம், எலுமிச்சம்பழம் உருளல. நீ சரியாத்தான் வச்ச. என் கால்தான் பூசணிக்காயில வழுக்குச்சு. நீ ஓரமா உடைங்கன்ன, நான் கேக்கல"ன்னேன். முத்துச்செல்வன் இருக்கான்னெல்லாம் பாக்கல.

அவ வளையலப் போட்டுக்கிட்டே, "தெரியும்"னா. என்ன தெரியும்னேன். "குத்தவச்சிருந்த என் கண்ணு முன்னாலதான உங்க கால் வழுக்குச்சு. அன்னைக்குச் சாயங்காலம் உங்க செருப்ப யாரு கழுவினான்னு நெனச்சீங்க. அடியில விதையும் சதையுமா அப்பிக் கெடந்துச்சு. இடது கையால தேச்சிக் கழுவினேன்"ங்கா. பெறகு எதுக்கு எலுமிச்சம்பழம்னு சொன்னன்னேன். "பெஞ்சில உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். இனி வண்டியவே தொடமாட்டேன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தீங்க. உங்களாலதான்னு நாலு பேரு சொல்லியிருந்தா நெசமாவே தொட்டிருக்க மாட்டீங்க. பெறகு கடலைமிட்டாய யாரு கொண்டுபோயிப் போட, நானா"ன்னா. அப்ப ஏன் பதினோரு மாசமா ஏறலன்னு எப்படியோ கேட்டுட்டேன். அவ வளையல மணிக்கட்டுல ஒரு சுத்துச் சுத்திக்கிட்டா. "விழுந்ததுக்கெல்லாம் நான் பயப்படல. பின்னால உக்காரதுன்னா முன்னால இருக்க ஆளை நம்பித்தான உக்காரணும். நீங்களாச் சொல்லட்டும்னு தெனமும் ஒரு நிமிசம் நின்னு பாத்தேன்"னா.

அந்த ஒரு நிமிசம். கட்டுப் பிரிச்ச நாள்ல இருந்து தெனமும் ஒரு நிமிசம், டிபன் டப்பாவப் பிடிச்சிக்கிட்டு எனக்காக நின்னுருக்கா, நான் பயம்னு நெனச்சிருக்கேன். திட்டியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால போட்டு உடைச்சிருக்கலாம். ஒண்ணும் செய்யாம, பழியத் தூக்கித் தன் பக்கம் வச்சிக்கிட்டு, பஸ் மாறி மாறிப் போயிக்கிட்டு, நான் வருவேன்னு நின்னுருக்கா. முத்துச்செல்வன் திரும்பி நின்னு இல்லாத போல்ட்ட முடுக்கிக்கிட்டு இருந்தான், நல்ல பிள்ள. நான் வண்டியில ஏறி ஸ்டாண்ட எடுத்தேன். ஊனுற எடத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கால ஊனினேன். அவ ஸ்டூல் பக்கத்துல கெடந்த பழைய கம்பிய எடுத்து, "இத ஒண்ணும் இங்க விட்டுட்டு வர வேண்டாம்"னு மடியில வச்சிக்கிட்டு, சேலைய ஒதுக்கிக்கிட்டு ஏறி உக்காந்தா. பின்பக்கம் வண்டி ஒரு அழுத்து அழுந்துச்சு. பதினோரு மாசமா அந்த அழுத்து இல்லாமதான் வண்டி என்னமோ போல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. மெயின்ரோட்டுக்கு வந்து ரெண்டாவது கியர் போட்டேன். "இந்த வருசம் பூசணிக்காய நான் உடைச்சிக்கிடுதேன்"னு பின்னால இருந்து சத்தம் வந்துச்சு. சரின்னேன். தோள்ல கை விழுந்துச்சு, வளையல் என் காதுகிட்ட கிலுங்குச்சு. அந்தக் கைதான்.